முகம் பொருந்தவில்லை

அந்தக் கட்டடத்தின் வாசல் கதவுக்கு இனிச் சாவி வேண்டாம் என்று முடிவெடுத்த கூட்டத்தில் முதலில் கை தூக்கியவள் கண்ணாடிக்கடை அக்காதான். பஸ் டிரைவரின் மனைவி. கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பல வருடங்களாக வேலை பார்த்தாள். வருகிறவர் முகத்தை ஒரு பார்வை பார்த்து, தோதான ஃபிரேமைத் தட்டிலிருந்து எடுத்து மாட்டிவிடுவாள். காதுக்குப் பின்னால் அழுத்துகிறது என்றால் காம்பைச் சூடுகாட்டி வளைத்துக் கொடுப்பாள். கட்டடத்தில் பாதிப் பேர் போட்டிருந்தது அவள் எடுத்துக் கொடுத்த கண்ணாடி. அதனால் பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் அவள் அக்கா.

"ரெண்டு கையிலயும் பைய வச்சுக்கிட்டு, சாவிய வாயில கவ்விக்கிட்டு எத்தனை நாளைக்குங்க நிக்கிறது? மெஷின் வரட்டும்" என்றாள்.

சங்கச் செயலாளருக்கு வாயெல்லாம் பல். இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர். கீழே நிறுத்தியிருந்த இரண்டு சைக்கிள்கள் காணாமல் போனதிலிருந்து அவருக்கு நிம்மதி போயிருந்தது. கதவருகே ஒரு கேமரா இருக்கும், குடியிருப்பவரின் முகத்தைப் பார்த்ததும் கதவு தானே திறக்கும், வெளியாள் ஒருத்தனும் நுழைய முடியாது என்று பிள்ளைக்குக் கதை சொல்வதுபோலச் சொல்லி முடித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வரிசையில் நின்று முகத்தைப் பதிந்தார்கள். இடது பக்கம், வலது பக்கம், மேலே, கீழே. அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. "நாள் பூரா நான் மத்தவங்க மூஞ்சியப் பார்க்கிறேன். என் மூஞ்சிய ஒருத்தர் இப்படி உத்துப் பார்த்தா கூச்சமா இருக்காதா?" என்றாள். அடுத்த வாரம் பழைய பூட்டைக் கழற்றி, சாவித் துளை இருந்த இடத்தில் வட்டமான எஃகுத் தகடு ஒன்றை வைத்துத் திருகிவிட்டார்கள். பக்கத்தில் ஒரு அறிவிப்பும் ஒட்டினார்கள்: உங்கள் பின்னால் வரும் எவரையும் உள்ளே விடாதீர்கள்.

அந்த வருடக் கடைசியில் அக்காவின் வாய்க்குள் ஒரு புண் வந்தது. கடைவாய்ப் பல் குத்துகிறது என்று நினைத்தாள். பல்லைப் பிடுங்கியும் புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, டாக்டர் டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டார். அக்கா விடவில்லை. "என் வாய், என் கிட்டயே சொல்லுங்க" என்றாள்.

இடது தாடை எலும்பில் பாதியை எடுத்துவிட்டார்கள். தொடையிலிருந்து சதை எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தைத்தார்கள். உயிர் நின்றது. முகம் நிற்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. இடது கண்ணுக்குக் கீழே கன்னம் உள்வாங்கி, அதற்கும் கீழே வேறு நிறத்தில் ஒரு மேடு. பேச்சு வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு பேசுவதுபோல வந்தது. டிரைவருக்கு மட்டும் அது முழுதாகப் புரிந்தது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இத்தனை வருடமும் ஒருவர் பேச்சை மற்றவர் கேட்டே வாழ்ந்தவர்கள், கேட்டுக் கேட்டு அவனுக்குப் பழகிவிட்டது.

யாரும் பார்க்க வரக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். "தேறிக்கிட்டு வர்றா, டாக்டர் ஆட்களைச் சேர்க்க வேண்டாம்னுட்டாரு" என்று டிரைவர் எல்லோரிடமும் அதையே சொன்னான். எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர் மட்டும் வாரத்துக்கு ஒரு முறை வாசலில் பால் பாக்கெட்டும் பழமும் வைத்துவிட்டு, மணியடிக்காமல் போவாள். அக்காவுக்கு அவள் மேல் தனி வாஞ்சை. சீனி தீர்ந்தாலும் சரி, மனசு சரியில்லை என்றாலும் சரி, இருவரும் மாறி மாறி அந்த இரண்டு கதவுகளைத் தட்டியவர்கள்.

டிரைவர் லீவு முடியும்வரை அவள் எங்கே போனாலும் கூடவே போனான். அவன் முகத்தைக் கண்டதும் கதவு திறந்துகொண்டது. பின்னாலேயே அவளும் நுழைந்தாள். அதனால் கதவைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அவன் மறுபடி பஸ் எடுக்கப் போன பிறகு, ஒருநாள் மத்தியானம் அக்கா முகக்கவசம் போட்டுக்கொண்டு தனியாகக் கடைக்குப் போனாள். முதலாளியைப் பார்த்து, மறுபடி வேலைக்கு வருகிறேன் என்று சொல்வதற்கு. அவள் உட்காரும் முக்காலியில் ஒரு புதுப்பெண் உட்கார்ந்திருந்தாள். முதலாளி எழுந்து வந்து, "உடம்பு நல்லாத் தேறட்டும் அக்கா. என்ன அவசரம்?" என்றார். கஸ்டமர் முகத்துக்கு முகம் பார்க்கிற வேலை என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குக் கேட்டது.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கதவருகே வந்து கேமராவுக்கு முன்னால் நின்றாள்.

"முகக்கவசத்தை அகற்றவும்" என்றது இயந்திரம்.

நடைபாதையில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று கழற்றினாள்.

"முகம் பொருந்தவில்லை. மீண்டும் முயலவும்."

நனைந்த முடியை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தாள். பொருந்தவில்லை. கொஞ்சம் யோசித்து, இடது கன்னத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

"கையை அகற்றவும்."

செயலாளர் வீட்டு எண்ணை அழுத்தினாள். யாரும் எடுக்கவில்லை. டிரைவர் வண்டி ஓட்டும்போது போனை அணைத்து வைத்திருப்பான். என்ன செய்வது என்று தெரியாமல் நின்றபோது பின்னால் குடை மடக்கும் சத்தம் கேட்டது. கணக்கு டீச்சர். தோளில் பரீட்சைத் தாள் கட்டு. டீச்சர் முகத்தைப் பார்த்ததும் கதவு திறந்தது.

அக்காவுக்கு உயிர் வந்தது. "டீச்சர், நான்தான்" என்றபடி கதவுப் பக்கம் ஓரடி வைத்தாள். அவள் வாயிலிருந்து வந்தது வேறு ஏதோ ஒலியாக இருந்தது.

டீச்சர் திடுக்கிட்டு விலகினாள். அந்த முகத்தில் ஒரு கணம் நின்ற பார்வையைச் சட்டென்று தரைக்கு இறக்கிக்கொண்டாள். "யாரு வேணும் உங்களுக்கு? அங்க பட்டன் இருக்கு பாருங்க, அமுக்கிக் கூப்பிடுங்க" என்றாள். அக்கா இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தாள். டீச்சர் அவசரமாக உள்ளே போய்க் கதவைத் தள்ளி மூடினாள். கண்ணாடிக் கதவு. உள்ளே இருந்து ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பரீட்சைத் தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு லிஃப்டுக்கு நடந்தாள்.

அக்கா கதவைத் தட்டவில்லை. முகக்கவசத்தைப் பிழிந்து மறுபடி போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்.

டிரைவர் தெருமுனையில் திரும்பும்போதே அவளைக் கண்டுகொண்டான். மழையில் கும்பலாக நின்றவர்களில், பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது. முன்கதவைத் திறந்தான்.

"என்ன இது, என் வண்டியில ஏறி வேவு பார்க்க வந்தியா?"

அவள் ஏறி, அவனுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தாள். ஆசையாக வந்திருக்கிறாள் என்று நினைத்து அவனுக்கு ஒரே சந்தோஷம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் உட்கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டான். கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. டெப்போ வரைக்கும் போய், டூட்டி முடிந்து, இருவரும் நடந்து வீட்டுக்கு வந்தார்கள். அவனைக் கண்டதும் கதவு திறந்தது. அவள் உள்ளே வராமல் அப்படியே நின்றாள்.

"எனக்குத் திறக்கலங்க" என்றாள்.

வீட்டுக்குள் வந்து தலையைத் துவட்டும்போதுதான் முழுதாகச் சொன்னாள். யாரோ ஒருத்தர் உள்ளே போனார்கள், என்னை விடவில்லை என்றாள். யார் என்று கேட்டான். "தெரியல" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் டிரைவர் செயலாளரிடம் போனான். அவர் பதறிப்போனார். "அடடா, மழையிலயா நின்னாங்க? இதுக்கு எதுக்குத் தம்பி கவலை? அஞ்சு நிமிஷம் கீழ வரச் சொல்லுங்க. புதுசா ஒரு தடவ பதிஞ்சுட்டா முடிஞ்சது."

வேலை சுலபமாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டு அவன் மாடியேறினான். அவள் முடியாது என்றாள்.

"ஏம்மா?"

"குளியலறைக் கண்ணாடியில நானே துணி போட்டு மூடி வச்சிருக்கேன். அந்த மூஞ்சியக் கொண்டுபோய் இடது பக்கம், வலது பக்கம்னு திருப்பிக் காட்டி, இதுதான் நான்னு பதிஞ்சு குடுக்கணுமா? எனக்கே அது இன்னும் பழகலங்க. ஒரு சாவி கேளுங்க. சாவிக்கு மூஞ்சி எதுக்கு?"

அவன் திரும்பப் போய்ச் சாவி கேட்டான். செயலாளர் தலையைச் சொறிந்தார்.

"ஓட்டையே இல்லையே தம்பி, எங்க போட்டுத் திறக்கிறது? போன்ல திறக்கலாம்னா அதுவும் மூஞ்சியத்தான் கேக்குது. கம்பெனிக்காரங்கள விசாரிச்சேன். கதவுல கை வச்சா பொறுப்பு எங்களுது இல்லைங்கிறாங்க. ஒருத்தருக்குச் சாவின்னா நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க. அப்புறம் ஏதாவது காணாமப் போனா யாரு பதில் சொல்றது? நான் முடியாதுன்னு சொல்லல. நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ண?"

அவர் கெட்டவர் இல்லை. அதனாலேயே டிரைவருக்குச் சண்டை போடவும் வரவில்லை.

அக்கா வெளியே போவதை நிறுத்தினாள். ஆஸ்பத்திரி நாள்களில் அவன் லீவு போட்டுக் கூட்டிப்போனான். மற்ற நாள்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்தாள். அவன் ரூட் அந்தத் தெருவழியாகத்தான். ஜன்னலுக்குக் கீழே வரும்போது ஒரு சின்ன ஹாரன் அடிப்பான். அவள் கையசைப்பாள். வீட்டுக்கு வந்ததும், "ரெண்டாவது டிரிப் லேட்டு போலிருக்கே, எந்தக் கிழவியோட வாயடிச்சிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்பாள். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் அவன் இரவுச் சோற்றைப் பிசையும்போது கை நின்று நின்று போகும்.

பரீட்சையெல்லாம் முடிந்த பிறகு, ஒரு விடுமுறை நாள் காலையில் டீச்சர் மணியடித்தாள். இவ்வளவு நாளாகியும் பார்க்காமல் இருக்கிறோமே என்று மனசு உறுத்தி வந்துவிட்டாள். டிரைவர் கடைக்குப் போயிருந்தான். அக்கா கதவைத் திறந்தாள். முகத்தில் கவசம் இல்லை.

டீச்சர் கையிலிருந்த பழப் பையைக் கீழே விடவில்லை. ஆனால் அது மெல்லத் தரையில் உட்காருகிற அளவுக்கு அவள் கை தாழ்ந்துவிட்டது. மழை, கண்ணாடிக் கதவு, அந்த ஒலி, எல்லாம் ஒரே நேரத்தில் அவளுக்கு விளங்கியது.

"அக்கா" என்றாள்.

"உள்ள வாங்க டீச்சர்" என்றாள் அக்கா.

டீச்சர் வாசலைத் தாண்டவில்லை. அக்கா கையைப் பிடித்து இழுத்து உள்ளே கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். டீச்சர் அழுத அழுகையில் கண்ணாடி மூக்கு நுனிவரை வழுக்கி வந்தது. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்தக் கண்ணாடியைக் கழற்றி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, "எங்க போய் இதை இப்படிக் கோணலாக்குனீங்க?" என்று முணுமுணுத்தாள். அது டீச்சருக்குப் புரியவில்லை. அக்கா அடுப்பைப் பற்றவைத்துக் காம்பைச் சூடுகாட்டி வளைத்தாள். குனிந்து, முகத்துக்கு நேராக முகம் வைத்து, மாட்டிவிட்டாள். இரண்டு விரலால் காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தாள். அத்தனை நெருக்கத்தில் டீச்சருக்கு வேறு எங்கும் பார்க்க இடமில்லை.

மன்னித்தேன் என்று அக்கா சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. டிரைவர் திரும்பி வந்தபோது இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா சின்னக் கரண்டியால் குடித்தாள். அன்று கதவை மூடியது யார் என்று டீச்சரே அவனிடம் சொன்னாள். டிரைவர் எழுந்து ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டான். அங்கிருந்தே அக்காவைப் பார்த்து, "யாருன்னு அன்னைக்கே உனக்குத் தெரியும்ல?" என்று கேட்டான். அக்கா டீயைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

கோடை தொடங்கும் நேரத்தில் நகரசபை ஒரு அறிவிப்பு போட்டது. அடுக்குமாடிக் கட்டடங்களில் சாவியில்லாக் கதவுகள் பெருகிவிட்டதால் அவற்றுக்கு விதிமுறை கொண்டுவரப் போகிறார்கள். குடியிருப்பவர்கள் வந்து சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். டிரைவர் ஓட்டிய பஸ்ஸிலேயே அதை ஒட்டியிருந்தார்கள். அவன் அக்காவைக் கூட்டிப்போக நினைத்தான்.

"அங்க என்னை நிக்க வச்சு எல்லாருக்கும் காட்டப்போறீங்களா? அதுக்கு நான் மெஷின் முன்னாடியே நின்னுட்டுப் போறேனே. நீங்க போய்ப் பேசிட்டு வாங்க."

அவன் யூனிபார்மிலேயே போனான். பெரிய கூடம். முதலில் கருவி செய்யும் கம்பெனியின் ஆள் பேசினார். திருட்டு எவ்வளவு குறைந்தது, கதவு ஏமாறவே ஏமாறாது என்று படம் போட்டுக் காட்டினார். டிரைவர் முறை வந்தது. மைக்கைப் பிடித்தான். "என் மனைவிங்க... மழை பெஞ்சுச்சு... நான் வண்டியில இருந்தேன்" என்றான். என் மனைவியின் முகம் மாறிப்போய்விட்டது என்ற ஒரு வாக்கியத்தை அத்தனை பேர் நடுவில் சொல்ல அவனால் முடியவில்லை. "ஒரு சாவி குடுத்தா போதுங்க" என்று முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். கம்பெனி ஆள் பணிவாக, "மறுபடி பதிஞ்சுக்கிட்டா பிரச்சினையே இல்லையே சார்" என்றார்.

பின்வரிசையிலிருந்து டீச்சர் எழுந்தாள். வருவதாக அவள் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

"அவங்க எதிர்வீடு நான். அன்னைக்கு அவங்க மேல கதவைச் சாத்துனது மெஷின் இல்லைங்க, நான். பல வருஷமா என் சமையலறையில வந்து உக்காந்து பேசுனவங்க. நான் அடையாளம் தெரியாம வெளிய தள்ளிட்டேன். வாய் பேச முடியாத ஒருத்தங்க மழையில நிக்கிறாங்கன்னு தெரிஞ்சும், என்னங்க வேணும்னு நின்னு கேக்கல. கதவுக்குத் தெரியலைல, அப்ப வெளியாள்தான்னு நினைச்சேன். உத்துப் பார்க்குற வேலையை அதுக்கிட்ட விட்டுட்டேன்." கம்பெனி ஆள் பக்கம் திரும்பினாள். "மறுபடி பதிஞ்சா என்னன்னு இவரு கேக்குறாரு. ஆபரேஷன் பண்ணிட்டு வந்தவங்க, தீக்காயம் பட்டவங்க, வயசாயிட்டவங்க, எல்லாரும் வந்து முகத்தைக் காட்டி நான் இன்னார்னு நிரூபிச்சாத்தான் அவங்கவங்க வீட்டுக்குப் போக முடியுமா? காரணம் கேக்காம ஒரு சாவி குடுங்கன்னு சட்டம் போடுங்க."

தலைமை தாங்கிய அம்மாள் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். வேறு சிலரும் எழுந்து பேசினார்கள். தீயில் முகம் வெந்துபோன ஒரு தீயணைப்பு வீரன் பேசினான். ஒரு பெண், பிரிந்துபோன கணவன் தன் வரவையும் போக்கையும் கதவில் பதிவாகும் நேரத்தை வைத்தே கவனித்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள்.

கட்டடத்தில் டீச்சருக்கு இருந்த நல்ல பேர் போயிற்று. "நம்ம வீட்டு அழுக்கை நடுத்தெருவுல போட்டுத் துவைச்சுட்டீங்களே" என்றார் செயலாளர். சிலர் லிஃப்டில் அவளோடு ஏறாமல் அடுத்த முறைக்கு நின்றார்கள். அவள் படியிலேயே ஏறப் பழகினாள்.

விதி வந்தது. யாரையும் முகம் பதியச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. கேட்டவர்களுக்குக் காரணம் கேட்காமல் சாவி கொடுக்க வேண்டும். வேண்டாம் என்றவரின் படத்தை அழிக்க வேண்டும். கட்டடங்களுக்கு அவகாசமும் கொடுத்தார்கள். செயலாளர் அந்த அவகாசத்தைக் கடைசிவரை எடுத்துக்கொண்டார். இலை உதிரும் காலத்தில்தான் ஆள் வந்து எஃகுத் தகட்டை எடுத்துத் துளை போட்டுப் பூட்டு வைத்தான்.

சாவி வாங்க அக்கா தானே கீழே இறங்கி வந்தாள். செயலாளர் எழுந்து நின்று கொடுத்தார். அவரால் அவள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

"என் பழைய படத்தை எடுத்துடுங்க" என்றாள் அக்கா. டிரைவர் அதை அவருக்குத் திரும்பச் சொன்னான்.

செயலாளர் கம்ப்யூட்டரைத் தட்டினார். திரையில் அவள் வந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு, இடது பக்கத்தைக் காட்டி, முழுக் கன்னத்தோடு.

டிரைவர் திரையை நோக்கிக் குனிந்தான். "சார், அதுல எனக்கு ஒரு காப்பி..."

அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேண்டாங்க."

"ஒண்ணே ஒண்ணும்மா. நான் யார்கிட்டயும் காட்ட மாட்டேன்."

"நீங்க பார்ப்பீங்கல்ல. அவ போயிட்டா. நான் இருக்கேன்."

செயலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா தலையசைத்தாள். அவர் அழுத்தினார். அன்று முழுவதும் டிரைவர் அவளோடு பேசவில்லை. அவன் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தது கல்யாணமான புதிதில் ஒரு தடவை; அதற்குப் பிறகு அன்றுதான். மறுநாள் காலை அவள் டிபன் டப்பாவைக் கையில் திணித்தபோது அவன் வாங்கிக்கொண்டான். ஆனாலும் அந்தப் படம் போனது அவனுக்குக் கடைசிவரை ஆறவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நன்றாகவே போயிற்று. அக்கா மத்தியானத்தில் தனியாகக் கீழே இறங்கி, ரொட்டிக் கடைக்குப் போய்வந்தாள். சில நாள் நிறுத்தத்தில் நின்று அவன் பஸ்ஸில் ஏறி, டெப்போ வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி இறங்கிக்கொண்டாள். கவசம் போடாமல் ஏறிய நாள், பஸ்ஸில் ஒரு குழந்தை அவளையே பார்த்தது. அம்மா குழந்தையின் தலையைத் திருப்பினாள். "விடுங்க, பார்க்கட்டும்" என்றாள் அக்கா. அந்த அம்மாவுக்கு அது விளங்கவில்லை. டிரைவர் திரும்பாமலே, "பார்க்கட்டும்ங்கிறாங்க" என்று சத்தமாகச் சொன்னான்.

குளிர் விடுவதற்கு முன் இருமல் வந்தது. நோய் நெஞ்சுக்கு இறங்கியிருந்தது. இனி வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றார் டாக்டர். டிரைவர் மறுபடி லீவு போட்டான். டீச்சர் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கே வந்துவிடுவாள். அக்கா பேசுவது இப்போது அவளுக்கும் புரிய ஆரம்பித்திருந்தது. புரியாத இடத்தில், "இன்னொரு தடவ சொல்லுங்க அக்கா" என்று கேட்டு வாங்கிக்கொள்வாள். ஒரு காலை, டிரைவர் அவள் உதட்டை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது. அவன் அது தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டிருந்தான்.

வெளியே வண்டி வந்து நின்றது. லிஃப்டில் படுக்கவைத்துக் கொண்டுபோக இடம் பற்றாததால் படி வழியாகவே இறக்கினார்கள். முன்னால் டிரைவரின் டெப்போ ஆட்கள் தூக்கி வந்தார்கள். படி வளைவுகளில் நிதானித்து, கீழே வர நேரமானது. செயலாளர் முன்னதாகவே இறங்கி, வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

கதவு நெடுநேரம் திறந்திருந்தால் சத்தம் போடும். போட்டது. "கதவை மூடவும்" என்றது. செயலாளர் ஏதோ பட்டனை அழுத்தினார். நிற்கவில்லை. "கதவை மூடவும். கதவை மூடவும்." தூக்கி வந்தவர்கள் கடைசிப் படியில் தயங்கினார்கள். டிரைவர் முன்னால் போய், வாசலுக்கு வெளியே நின்று நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தைக் கண்டதும், இயந்திரம் அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒருமுறை பச்சை விளக்கு போட்டு அவனை வரவேற்றது. பிறகு மறுபடி கதவை மூடச் சொன்னது.

செயலாளர், "கொஞ்சம் சும்மா இரேன்" என்று அதனிடமே கெஞ்சினார். பிறகு குனிந்து, சுவரோரம் வந்த வயரைக் கையில் சுற்றி ஒரே இழுப்பாக இழுத்தார். சுவரிலிருந்து காரை பெயர்ந்து விழுந்தது. சத்தம் நின்றது. டீச்சர் ஓடி வந்து இரட்டைக் கதவின் மறு பாதியைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் இருபுறமும் நிற்க, நடுவே அக்காவைக் கொண்டுபோனார்கள்.

எல்லாம் முடிந்து டிரைவர் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பி வந்தான். கதவு திறந்தே கிடந்தது. பூட்டினால் சாவி வாங்காதவர்கள் நுழைய வழியில்லாததால் செயலாளர் வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுக் காலையிலிருந்து காவலுக்கு உட்கார்ந்திருந்தார். அவனைக் கண்டதும் எழுந்தார். "மேல போறீங்களா தம்பி? டீச்சர் ஏதோ சூடா வச்சிருக்காங்க" என்றார்.

டிரைவர் மாடிப் பக்கம் பார்த்தான். பிறகு முதல் படியில் உட்கார்ந்தான்.

"கொஞ்ச நேரம் ஆகட்டும் சார்" என்றான்.

செயலாளர் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.